நாலு பாதையில ரெண்டு செத்துப்போச்சு, மெயில் மட்டும் "ஓகே"ன்னு வந்துச்சு

"பி.காம் படிக்கிறவனுக்கு ஸ்டோரேஜ் சிஸ்டத்துல என்னடா வேலை?" வகுப்புல இதைப் பத்தி பேச ஆரம்பிச்சதும் பயலுக எல்லாரும் கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான். டேலியைத் தாண்டி எனக்கு கம்ப்யூட்டர்ல பெருசா ஒண்ணும் தெரியாது. போன ஜனவரி வரைக்கும் மல்டிபாத்னு யாராவது சொன்னா அவினாசி ரோடு மேம்பாலம்னு நினைச்சிருப்பேன். ஆனா ஒரு படிவத்துல "மல்டிபாத் உள்ளதா?"ங்கிற கேள்விக்கு எதிர்ல "ஆம்"னு டிக் போட்டவன் நான்தான். டிக் போட்ட மூணாவது மாசம் ஒருத்தருக்கு வேலை போச்சு. அதனால இதைப் பத்தி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கு, நிறைய உறுத்தலும் இருக்கு.

கதை இதுதான். காலேஜ் மத்தியானமே முடிஞ்சிடும். அப்புறம் கோயமுத்தூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பார்ட் டைம் வேலை. வவுச்சர் பார்க்கிறது, பேங்க் ரீகன்சிலியேஷன், சீனியர்களுக்கு டீ சொல்றது, இப்படி. அக்டோபர்ல ஒரு நிதி நிறுவனத்துக்கு (பேர் வேண்டாம்) ஆடிட்டுக்குப் போனோம். கம்ப்யூட்டர் கட்டுப்பாடுகள் பத்தி நாலு பக்க செக்லிஸ்ட் ஒண்ணு இருந்துச்சு. சீனியருக்கு ஜிஎஸ்டி வேலை தலைக்கு மேல. "நீ போய் சர்வர் ரூம்ல இருக்கறவரைக் கேட்டு ஃபில் பண்ணிட்டு வந்துரு"ன்னு கையில கொடுத்துட்டார்.

சர்வர் ரூம்ல இருந்தது ஒரு ஆபரேட்டர் அண்ணன். கான்ட்ராக்ட் ஆளு, நைட் ஷிஃப்ட். அப்பத்தான் டிபன் பாக்ஸோட உள்ளே வந்தார்.

"மல்டிபாத் இருக்குங்களாண்ணா?"

"இருக்குதுங்க தம்பி."

டிக்.

"ஏதாவது பாதை நின்னுபோச்சுன்னா தெரியுமுங்களா?"

"தினமும் காலைல ஏழு மணிக்கு மெயில் வந்துருமுங்க. ஜீரோன்னு வந்தா ஓகே."

டிக். மொத்தம் பன்னெண்டு நிமிஷம். நாலு பக்கத்தையும் முடிச்சிட்டு கேன்டீன்ல பப்ஸ் சாப்பிட்டேன்.

மல்டிபாத்னா என்னன்னு எனக்கு அப்புறமா அந்த அண்ணனே சொல்லிக் கொடுத்தார், அதை முதல்ல சொல்லிடறேன். பெரிய நிறுவனங்கள்ல டேட்டா சர்வருக்குள்ள இருக்கிற டிஸ்க்ல இருக்காது. தனியா ஒரு ஸ்டோரேஜ் பெட்டி இருக்கும், சர்வர்ல இருந்து ஃபைபர் கேபிள் வழியா அங்கே போய் எழுதும், படிக்கும். ஒரே கேபிள்னா அது புட்டுக்கிட்டா கதை முடிஞ்சுது. அதனால சர்வர்ல ரெண்டு கார்டு போர்ட், நடுவுல ரெண்டு ஸ்விட்ச் (ஏ பக்கம், பி பக்கம்), ஸ்டோரேஜ்ல ரெண்டு கன்ட்ரோலர். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா ஒரே டிஸ்க்குக்கு நாலு பாதை. இதுல ஒரு வேடிக்கை: லினக்ஸுக்கு அது ஒரே டிஸ்க்னு தானா தெரியாது. நாலு பாதையில பார்க்கிறதால நாலு டிஸ்க் இருக்கிறதா நினைச்சுக்கும். நாலுக்கும் அடையாள எண் ஒண்ணுதான்னு கண்டுபிடிச்சு, "அட இது ஒரே ஆளுப்பா"ன்னு நாலையும் சேர்த்து ஒரே டிஸ்க்கா காட்டுறதுதான் மல்டிபாத் மென்பொருள். ஒரு பாதை செத்தா அடுத்த பாதையில அனுப்பும். மேலே ஓடுற டேட்டாபேஸுக்கு ஒண்ணுமே தெரியாது.

அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படிங்க. ஒண்ணுமே தெரியாது. இதை எல்லாரும் பெருமையாச் சொல்றாங்க, எனக்கு என்னவோ இங்கேதான் வில்லங்கமே ஆரம்பிக்குது.

பாதை உயிரோட இருக்கான்னு பார்க்க மல்டிபாத்-டின்னு ஒரு புரோகிராம் பின்னணியில ஓடிக்கிட்டே இருக்கும். வழக்கமான அமைப்புல அஞ்சு விநாடிக்கு ஒரு தடவை பார்க்கும், பாதை நல்லா இருந்துச்சுன்னா இடைவெளியை மெல்ல ஏத்தி 20 விநாடி வரைக்கும் கொண்டு போகும். எப்படிப் பார்க்கும்னா, பெரும்பாலும் "டெஸ்ட் யூனிட் ரெடி"ன்னு ஒரு சின்ன ஸ்கஸி கட்டளை அனுப்பும். "ரெடியா?"ன்னு ஒரு குரல், "ரெடி"ன்னு ஒரு பதில், அவ்வளவுதான். டேட்டா எதுவும் போகாது வராது. ஹாஸ்டல் வார்டன் கதவுக்கு வெளியே நின்னு "உள்ளே இருக்கியாடா?"ன்னு கேட்கிற மாதிரி. உள்ளே இருக்கான்னு தெரியும், படிக்கிறானான்னு தெரியாது :-)

இதோட நிலைமையைப் பார்க்கிற கட்டளை ஒண்ணு இருக்கு. அடிச்சா ஒவ்வொரு பாதைக்கும் நேரா மூணு வார்த்தை வரும்: "ஆக்டிவ் ரெடி ரன்னிங்". சும்மா மூணு தடவை நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொல்லுதுன்னு நான் நினைச்சேன். இல்லை, மூணு பேரோட வாக்குமூலம் அது. முதல் வார்த்தை கெர்னலோட மல்டிபாத் பகுதி சொல்றது, அதாவது இந்தப் பாதையில அனுப்பலாமா கூடாதான்னு. ரெண்டாவது, அந்தச் சோதனைக் குரலுக்கு வந்த பதில். "ரெடி"ன்னும் வரலாம், "ஃபால்ட்டி"ன்னும் வரலாம், "கோஸ்ட்"னும் வரலாம். பேய்னதும் பயந்துடாதீங்க, சில ஸ்டோரேஜ்ல ஒரு கன்ட்ரோலர் வேலை செய்யும், இன்னொண்ணு மாத்து ஆளா சும்மா நிக்கும், அந்த மாத்து ஆளுக்குப் பேருதான் பேய். மூணாவது வார்த்தை, அந்த டிஸ்க் சாதனம் ஓடுதா ஆஃப்லைனான்னு. மூணு பேரும் எப்பவும் ஒரே நேரத்துல ஒரே விஷயத்தைச் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. கெர்னல் அனுப்பிப் பார்த்துத் தோத்திருக்கும், அடுத்த சோதனை இன்னும் நடந்திருக்காது. சாட்சி ஒண்ணுக்கு மேல இருந்தா குறுக்கு விசாரணைக்கு வசதிதானே.

சரி, ஜனவரிக்கு வருவோம். பி பக்க ஸ்விட்ச்சுக்கு மென்பொருள் புதுப்பிப்பு. ராத்திரி ரெண்டு மணிக்கு செய்யணும்னு மேலேயிருந்து ஒரு தாள் வந்திருக்கு. "ஏ பக்கம் வழியாக இயங்கும், சேவை பாதிக்காது"ன்னு அந்தத் தாள்லயே எழுதியிருக்கு. ஆபரேட்டர் அண்ணன் தாள்ல உள்ளபடி வரி பிசகாம செஞ்சார். ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆச்சு. டேட்டாபேஸ் அப்படியே உறைஞ்சு போச்சு.

பிழைச் செய்தி கூட வரலை. ஏன்னா "பாதை எதுவுமே இல்லைன்னா பிழைன்னு சொல்லாதே, வரிசையில நிறுத்தி வை, பாதை வந்ததும் அனுப்பு"ன்னு ஒரு அமைப்பு போட்டிருந்தாங்க. நல்ல அமைப்புதான். ஸ்விட்ச் திரும்ப எழுந்து வர்ற வரைக்கும் பொறுத்திருந்தா தானாவே ஓட ஆரம்பிச்சிருக்க வாய்ப்பு இருந்துச்சு. ஆனா ராத்திரி ரெண்டே காலுக்குத் தூக்கத்துல போனை எடுத்த மேலதிகாரி "சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுய்யா"ன்னுட்டார். பண்ணினார். பாதியில அறுபட்ட டேட்டாபேஸ் தன்னைத்தானே சரி பண்ணிக்கிட்டு எழுந்திரிக்க காலை பத்தரை தாண்டிடுச்சு. அன்னைக்குப் பொங்கலுக்கு முந்தின வாரம். நகைக் கடன் திருப்ப வந்தவங்க கிளை வாசல்ல நின்னாங்க. அந்த வெயில்ல நின்ன ஒரு அம்மா என் சினேகிதனோட அத்தை. எனக்கு விஷயம் முதல்ல தெரிஞ்சதே அப்படித்தான்.

அப்புறம் லாக்கைத் தோண்டினாங்க. ஏ பக்கம் செத்தது ஜனவரியில இல்லை, ஆகஸ்ட்ல! ஃபைபர் கேபிள் சொருகுற அந்தச் சின்ன மாட்யூல் ஒண்ணு போயிருக்கு. மல்டிபாத்-டி தன் கடமையைச் செஞ்சு "மீதி உயிரோடு உள்ள பாதைகள்: 3", அடுத்து "மீதி உயிரோடு உள்ள பாதைகள்: 2"ன்னு ரெண்டு வரி எழுதி வெச்சிருக்கு. படிக்க ஆள் இல்லை. அஞ்சு மாசமா ரெண்டு பாதையில வண்டி ஓடியிருக்கு. நான் டிக் போட்ட அன்னைக்கும் ரெண்டுதான்.

"அப்ப அந்த ஏழு மணி மெயில்?"னு கேட்பீங்க. நானும் கேட்டேன். ஆகஸ்ட்ல இருந்து ஜனவரி வரைக்கும் ஒரு நாள் விடாம மெயில் வந்திருக்கு. தோல்வியுற்ற பாதைகள்: 0.

பொய் இல்லை. அந்த ஸ்கிரிப்ட் என்ன பண்ணுதுன்னா, நிலைமைப் பட்டியல்ல "ஃபெயில்டு", "ஃபால்ட்டி"ங்கிற வார்த்தைகள் எத்தனை இருக்குன்னு எண்ணுது. ஆனா ஒரு பாதை செத்து ஒரு குறிப்பிட்ட கெடு தாண்டிடுச்சுன்னா, லினக்ஸ் அந்தச் சாதனத்தையே சிஸ்டத்துல இருந்து எடுத்துடும். கெடு எவ்வளவுங்கிறது அமைப்பைப் பொறுத்தது. எடுத்த பிறகு பட்டியல்ல அது தோல்வின்னு கூட வராது. பேரே இருக்காது. மிச்சம் இருக்கிற ரெண்டு வரியும் "ஆக்டிவ் ரெடி ரன்னிங்"னு கம்பீரமா நிக்கும். ஃபெயில்டு ஜீரோ, ஃபால்ட்டி ஜீரோ. மெயில் ஓகே.

அட்டெண்டன்ஸ்ல ஆப்சென்ட் ஆன பையனுக்கு "ஏ" விழும். பேரையே ரிஜிஸ்டர்ல இருந்து அடிச்சுட்டா? அப்புறம் வகுப்புல நூறு சதவீத வருகைதான்.

இந்த இடத்துலதான் எனக்குள்ள இருந்த காமர்ஸ் பையன் முழிச்சுக்கிட்டான். ஆடிட்டிங் பேப்பர்ல முதல்லயே வர்ற விஷயம் இது. கணக்குல எழுதியிருக்கிறது நிஜமா இருக்கான்னு பார்க்கிறது ஒண்ணு. இருக்கிறது எல்லாம் கணக்குல எழுதியிருக்கான்னு பார்க்கிறது வேற. கையிருப்புச் சரக்கைச் சரிபார்க்க புத்தகத்தை வெச்சுக்கிட்டு குடோனுக்குப் போகலாம். ஆனா எழுதாம விட்ட கடனை அதே புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சப்ளையர் கிட்ட இருந்து ஸ்டேட்மென்ட் வாங்கணும். வெளியில இருந்து உள்ளே வரணும். பட்டியலைப் பார்த்தே பட்டியல்ல இல்லாததைத் தேடின அந்த ஸ்கிரிப்டும், "இருக்கா?"ன்னு கேட்டு டிக் போட்ட நானும் ஒரே தப்பைத்தான் பண்ணியிருக்கோம். எனக்காவது ரெண்டு செமஸ்டர் சொல்லிக் கொடுத்தாங்க, ஸ்கிரிப்டுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை.

என்னைக் கேட்டா, கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை பாதை செத்திருக்கு?"ங்கிறதே இல்லை. "எத்தனை இருக்கணும், இப்ப எத்தனை இருக்கு?" இருக்க வேண்டிய எண்ணிக்கையை யாராவது ஒரு மனுஷன் வெளியில ஒரு இடத்துல எழுதி வெச்சிருக்கணும், ஏன்னா மெஷினுக்கு அது தெரியாது. கேபிள் மாத்தினா, ஸ்டோரேஜ் மாத்தினா அந்த எண்ணையும் மாத்தணும். நாலு வரவேண்டிய இடத்துல ரெண்டு வந்தா கத்தணும். அதே மாதிரி நாலு வரவேண்டிய இடத்துல எட்டு வந்தாலும் கத்தட்டும், யாரோ கேபிளை எங்கேயோ சொருகியிருக்காங்கன்னு அர்த்தம்.

இது ஒண்ணும் புது யோசனை இல்லை. ஐபிஎம்மோட ஏஐஎக்ஸ் சிஸ்டத்துல பாதைகளைப் பார்க்க "எல்எஸ்பாத்"னு ஒரு கட்டளை இருக்கு. அதுல "எனேபிள்டு", "ஃபெயில்டு" தவிர "மிஸ்ஸிங்"னு தனியா ஒரு நிலை உண்டு. போன தடவை கம்ப்யூட்டர் ஆன் ஆனப்போ பார்த்தேன், இந்த தடவை காணலைன்னு அர்த்தம். அதாவது அந்த சிஸ்டம் சாதனங்களோட பேரேடு ஒண்ணை தனியா வெச்சிருக்கு, காணாமப் போனவனைக் காணோம்னு சொல்லத் தெரியுது. லினக்ஸ் நேத்தைக்கு என்ன இருந்துச்சுன்னு இப்படி நிலைமைப் பட்டியல்ல காட்டுறதில்லை. அதனால இது கெட்டது அது நல்லதுன்னு நான் சொல்ல வரலை (அந்தச் சண்டைக்கு ஆள் வேற இருக்காங்க). எந்த சிஸ்டம் எதைச் சொல்லாதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கணும்.

"இவ்வளவு பேசுறியே, எல்லாத்துக்கும் அலாரம் வெச்சுட்டா தீர்ந்துச்சு"ன்னு என் பெரியப்பா பையன் சொன்னான். பெங்களூர்ல பொட்டி தட்டுறவன், அனுபவஸ்தன். நான் ஒத்துக்கலை. அலாரம் ஒழுங்கா அடிச்சும் கவிழ்ந்த கதை ஒண்ணு இருக்கு.

2010 ஜூலை 5, சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கி. விடியக்காலை மூணு மணி வாக்குல மொத்த வங்கிச் சேவையும் நின்னுபோச்சு, ஏடிஎம் உட்பட. திரும்பி வர காலை பத்து மணி ஆச்சு. ஆரம்பம் எங்கேன்னா, ரெண்டு நாள் முன்னாடி ஜூலை 3 காலையில, மெயின்ஃபிரேமோட இணைஞ்ச ஸ்டோரேஜ்ல ஒரு தகவல் இணைப்பு நிலையா இல்லைன்னு கண்காணிப்பு மென்பொருள் எச்சரிக்கை அனுப்புச்சு. பராமரிப்பு ஒப்பந்தம் ஐபிஎம் கிட்ட. இன்ஜினியர் வந்தார், கேபிளை மாத்தினார், எச்சரிக்கை நின்னுச்சு. மறுநாள் திரும்ப வந்துச்சு. கேபிளைக் கழட்டிப் பார்த்துத் திரும்ப மாட்டினார், நின்னுச்சு. ஒரு மணி நேரத்துல மறுபடி வந்துச்சு. இவ்வளவு நேரமும் ஸ்டோரேஜ் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, மாற்று வழிகள் தாங்கிக்கிட்டு இருந்துச்சு. கடைசியில ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாப் பார்த்து ராத்திரி கேபிளை மாத்தப் போனாங்க. மாத்தின முறை தப்பு, பழைய முறை. டேட்டா கெட்டுப் போயிடக் கூடாதுன்னு ஸ்டோரேஜ் தானாவே மெயின்ஃபிரேமோட பேச்சு வார்த்தையை நிறுத்திக்கிச்சு. அதுவரைக்கும் ஒரு இணைப்புலதான் நோவு, ரிப்பேர் பண்ணப் போய் மொத்தமும் படுத்துச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச, அதாவது ரொம்பப் பயமுறுத்தின விஷயம், நடுவுல ரெண்டு தடவை எச்சரிக்கை நின்னது. எச்சரிக்கை நின்னா நோய் தீர்ந்துச்சுன்னு அர்த்தம் இல்லை. விட்டு விட்டுச் சாகிற பாதை, செத்துப்போன பாதையை விட மோசம். கேட்கிற நேரத்துல மட்டும் "ரெடி"ன்னு சொல்லும். லினக்ஸ் மல்டிபாத்தும் இதைப் புரிஞ்சுக்கிட்டு, பின்னாடி வந்த பதிப்புகள்ல அடிக்கடி பிழை விடுற பாதையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கிற வசதியைச் சேர்த்தாங்க. போட்டுவிட்டா வேலை செய்யும், போடலைன்னா செய்யாது. எத்தனை இடத்துல போட்டிருப்பாங்கன்னு அந்த அண்ணனைக் கேட்டேன், சிரிச்சார்.

அப்புறம் என்னாச்சுங்கிறதுதான் காமர்ஸ் பசங்க பார்க்க வேண்டியது. சிங்கப்பூர் நாணய வாரியம், கேபிளைத் தொட்டது ஒப்பந்தக்காரரோட ஆளுன்னு விட்டுடலை. வெளியே கொடுத்த வேலையைச் சரியா மேற்பார்வை பார்க்கலைன்னு டிபிஎஸ்ஸைக் கண்டிச்சது. செயல்பாட்டு அபாயத்துக்கான கணக்கை 1.2 மடங்கா ஏத்தி, சுமார் 23 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதல் மூலதனம் ஒதுக்கி வைக்கச் சொல்லிச்சு. பேசல்-2ல செயல்பாட்டு அபாயம்னு நாம அஞ்சு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணுறோமே, அது இதுதான் மக்கா. ஒரு கேபிள்.

நம்ம ஊர்ல? தாளை எழுதினவருக்கு ஒண்ணும் ஆகலை. ஆகஸ்ட்ல லாக்கைப் படிக்க வேண்டியது யாரோட வேலைன்னு கடைசி வரைக்கும் தெரியலை, அதனால அவருக்கும் ஒண்ணும் ஆகலை. ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னவர் இன்னும் அதே சீட்ல இருக்கார். ஸ்கிரிப்டை எழுதினவர் நாலு வருஷம் முன்னாடியே வேற கம்பெனிக்குப் போயிட்டார். டிக் போட்டவன் இங்கே உட்கார்ந்து எழுதிக்கிட்டு இருக்கான். கை வெச்ச ஆளு யாருன்னு பார்த்து, "நாளையில இருந்து வர வேண்டாம்"னு சொல்லிட்டாங்க. கான்ட்ராக்ட்ங்கிறதால ஒரு கடுதாசி கூடத் தேவைப்படலை.

பி பக்கத்தைத் தொடுறதுக்கு முன்னாடி ஏ பக்கம் உயிரோட இருக்கான்னு அவர் பார்த்திருக்கணும்னு சொல்றவங்க இருக்காங்க. பார்த்திருக்கணும்தான், அவரே ஒத்துக்கறார். ஆனா அந்த ஒரு வரி தாள்ல இருந்திருக்கணும். ஒரு கட்டளை, பத்து விநாடி, நாலு வரி வருதான்னு எண்ணு, வரலைன்னா நிறுத்து. இந்த வரி இல்லாத தாள்ல "சேவை பாதிக்காது"ன்னு மட்டும் எழுதத் தெரிஞ்சவர் மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு. அது வாக்குறுதி இல்லை, நம்பிக்கை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்காகத்தான் ஆடிட்டர்னு ஒரு தொழிலே இருக்கு.

எங்க சீனியர் கிட்ட செக்லிஸ்டை மாத்தச் சொல்லிப் பேசினேன். "இருக்கா இல்லையான்னு பார்க்கிறதுதான் தம்பி நம்ம வேலை, எண்ணிக்கிட்டு இருக்க முடியுமா?"ன்னார். கேஷ் மட்டும் ஏன் எண்ணிப் பார்க்கறோம்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் "எழுதிக் கொடு, பார்க்கலாம்"னார். எழுதிக் கொடுத்தேன். "மல்டிபாத் உள்ளதா?"ங்கிற வரிக்குக் கீழே மூணு வரி: ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எத்தனை பாதை இருக்க வேண்டும், இன்று எத்தனை உள்ளது, கடைசியாக எண்ணிப் பார்த்தவர் யார், எப்போது. நாலாவதா "மெயில் வந்தால் யார் படிப்பார்?"னும் எழுதியிருந்தேன், அதை அடிச்சுட்டார்.

அடுத்த மாசம் வேற ஒரு கம்பெனிக்குப் போறோம். கட்டளை அடிச்சா வர்ற அந்த வரிகளை எப்படிப் படிக்கிறதுன்னு கத்துக்கணுமே, அதனால ஆபரேட்டர் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். இப்ப சிங்காநல்லூர் பக்கம் சிசிடிவி மாட்டுற கடையில இருக்கார். ஞாயித்துக்கிழமை வரச் சொன்னார். பேப்பர்ல எழுதிக் காட்டினார், நாலு வரி, ஒவ்வொண்ணுக்கும் மூணு வார்த்தை. டீக்கு அவரே காசு கொடுத்துட்டார், எவ்வளவு சொல்லியும் கேட்கலை. அந்த அக்டோபர் டிக் பத்தி நான் இன்னும் அவர் கிட்ட சொல்லலை.